இசியு மேல் பழி போடும் முன்: அறிகுறி வாரியாகப் பழுது தேடும் வழி

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரை மாட்டி, குறியீட்டைப் பார்த்து, அடுத்த நொடியே அழித்துவிட்டு, 'விளக்கு அணைஞ்சிருச்சு, எடுத்துட்டுப் போங்க' என்று வண்டியை அனுப்புவது. பழுது தேடுவதில் இதைவிடக் கெட்ட பழக்கம் கிடையாது. அந்த ஒரு பொத்தானை அழுத்தியதும் குறியீடு மட்டும் போவதில்லை. பழுது நடந்த கணத்தில் இன்ஜின் எந்த நிலையில் ஓடியது என்ற பதிவு, சுயபரிசோதனைகளின் முடிவுகள், பல வண்டிகளில் எரிபொருள் திருத்தத்துக்காக இசியு (இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி) நாள்கணக்கில் கற்றுக்கொண்டது என எல்லாம் கூடவே போகின்றன. பிறகு கையில் துப்பே இல்லாமல் சென்சார் சென்சாராக மாற்றி, கடைசியில் 'இசியு போயிருச்சு' என்று முடிப்பார்கள். உண்மையில் பெட்டி கெட்டிருப்பது அரிது. அதற்கு வரும் மின்சாரம், எர்த், சென்சார்களுக்கு அது தரும் 5 வோல்ட் லைன், வயரிங் இந்த நான்கில்தான் பெரும்பாலான சிக்கல் இருக்கும்.

எது எங்கே பதிவாகிறது

இதைத் தெரிந்து வைத்திருந்தால் பாதி அறிகுறிகள் தானாகவே விளங்கிவிடும்.

இன்ஜினை ஓட்டும் நிரலும், பற்றவைப்பு நேரம், எரிபொருள் அளவு போன்ற மேப்களும் (அளவு அட்டவணைகள்) ஃபிளாஷ் நினைவகத்தில் உள்ளன. பேட்டரியைக் கழற்றினாலும் இவை போகா. கணக்குகள் நடப்பது தற்காலிக நினைவகமான ராமில். சப்ளை நின்ற நொடியில் அது காலி. அதே ராமின் ஒரு பகுதிக்கு மட்டும் சாவியை அணைத்தாலும் பேட்டரியிலிருந்து நேரடியாகச் சப்ளை வந்துகொண்டே இருக்கும். நீண்டகால எரிபொருள் திருத்தம் (எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்ட, குறைக்க வேண்டும் என்று கற்ற அளவு), ஐடிலிங் கற்றல், பழைய வண்டிகளில் பிழைக் குறியீடுகள் ஆகியவை இருக்குமிடம் அதுதான். பேட்டரியைக் கழற்றினால் இந்தப் பகுதி அழிந்துவிடும். நான்காவது, இஇப்ராம் (EEPROM) என்ற நினைவகம். வண்டியின் அடையாள எண், இம்மொபிலைசர் (உரிய சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத பூட்டு) சாவித் தகவல், பல வண்டிகளில் த்ராட்டில் (இன்ஜினுக்குக் காற்று விடும் கதவு) கற்ற நிலை, புதிய வண்டிகளில் பிழைக் குறியீடுகளும் இதில்தான். பேட்டரி இல்லாமலும் இது நிலைத்திருக்கும்.

இஇப்ராமின் ஒவ்வொரு இடத்திலும் சுமார் ஒரு லட்சம் முறைதான் எழுதலாம். நொடிக்கு ஒருமுறை எழுதினால் சுமார் 28 மணி நேரத்தில் ஆயுள் முடிந்துவிடும். அதனால் பெரும்பாலானவற்றை இசியு ராமில் வைத்துக்கொண்டு, சாவியை அணைத்த பிறகே இஇப்ராமில் எழுதுகிறது. அந்த வேலைக்காக, தனக்குச் சப்ளை தரும் மெயின் ரிலேவைத் தானே சில நொடிகள் பிடித்து வைத்திருக்கும். சாவியை அணைத்துச் சற்று நேரம் கழித்து ரிலேப் பெட்டியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். எழுதி முடித்துவிட்டது என்று பொருள். அந்தச் சத்தத்துக்கு முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றாதீர்கள்.

வேலை செய்யும் விதமும் இரண்டு வகை. வெப்பநிலை, பேட்டரி வோல்டேஜ் போன்றவற்றை நேரக் கணக்கில் படிக்கும்: இத்தனை மில்லி நொடிக்கு ஒருமுறை என்று. வோல்டேஜை எண்ணாக்கும் மாற்றி பத்து பிட் என்றால் 0 முதல் 5 வோல்ட் வரை 1024 படிகள். ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். பற்றவைப்பும் இன்ஜெக்ஷனும் அப்படி அல்ல, கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கோணக் கணக்கில் நடக்கும். பரவலாக இருக்கும் 60-2 பல் சக்கரத்தில் (60 பல் இடங்களில் இரண்டு காலி) ஒரு பல்லுக்கு 6 டிகிரி. 6000 ஆர்பிஎம்மில் ஒரு டிகிரி கடக்க வெறும் 28 மைக்ரோ நொடி. கிராங்க் சிக்னல் இல்லாவிட்டால் இந்த இரண்டாம் வகை வேலை மொத்தமும் நின்றுவிடும். மற்ற எந்த சென்சார் போனாலும் மாற்று மதிப்பை வைத்து எப்படியாவது ஓட்டப் பார்க்கும் இசியு, இதற்கு மட்டும் கை விரித்துவிடும். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சிக்னலை வைத்து ஒப்பேற்றும் வண்டிகள் சில உண்டு. அவையும் நீண்ட நேரம் செல்ஃப் அடித்த பிறகே பிடிக்கும்.

எதையும் தொடும் முன்

பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள்: நிற்கும்போது 12.4க்கு மேல், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது, ஓடும்போது 13.5 முதல் 14.7. சரியில்லை என்றால் அதை முதலில் சரிசெய்யுங்கள். பலவீனமான பேட்டரியோடு வாங்கிய குறியீடுகளை நம்ப முடியாது.

பிறகு ஸ்கேனரில் உறுதியானவை, நிலுவையில் உள்ளவை, நிரந்தரமானவை என மூன்று பட்டியல்களையும் படியுங்கள். முதல் பட்டியலோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம். பழுது நடந்த கணத்தின் உறைநிலைப் பதிவைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தயார்நிலைப் பரிசோதனைகள் (இசியுவின் சுயபரிசோதனைகள்) எத்தனை முடிந்திருக்கின்றன என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாமே 'முடியவில்லை' என்று காட்டினால் உங்களுக்கு முன்னால் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

கையில் வேண்டியவை: 10 மெகாஓம் உள்தடை கொண்ட மல்டிமீட்டர், 21 வாட் பல்பு மாட்டிய டெஸ்ட் லேம்ப், கனெக்டரின் பின்பக்கமாக நுழைக்கும் மெல்லிய ஊசிகள், அந்த மாடலுக்கே உரிய வயரிங் வரைபடம். கனெக்டரின் முன்பக்க ஓட்டைக்குள் மல்டிமீட்டரின் தடித்த முனையைத் திணித்துப் பின்னை அகட்டிவிட்டு, அடுத்த மாதம் 'எப்போதாவது வரும்' பழுதை நீங்களே உருவாக்கிவிடாதீர்கள்.

ஸ்கேனர் பேசவே இல்லை

ஸ்கேனருக்கு உயிரே இல்லையா, உயிர் இருந்தும் இசியு பதில் தரவில்லையா? முதலில் இதைப் பிரியுங்கள். ஸ்கேனரை மாட்டும் 16 பின் சாக்கெட்டில் 16ஆம் பின்னில் பேட்டரி வோல்டேஜ், 4, 5ஆம் பின்களில் எர்த் இருக்க வேண்டும். 16இல் ஒன்றும் இல்லை என்றால் ஃப்யூஸ். பல வண்டிகளில் இது லைட்டர் சாக்கெட்டின் ஃப்யூஸோடு பகிரப்பட்டிருக்கும்.

உயிர் இருக்கிறது, இசியு மட்டும் மௌனம் என்றால் சாவியை ஆன் செய்து டேஷ்போர்டைப் பாருங்கள். இன்ஜின் ஓடாத நிலையில் செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பெரும்பாலும் இசியு விழித்துக்கொள்ளவே இல்லை. சப்ளை அல்லது எர்த்தில் தேடுங்கள். ஏபிஎஸ், ஏர்பேக் போன்ற மற்ற யூனிட்கள் பேசி, அவை எல்லாவற்றிலும் யு0100 (இன்ஜின் இசியுவோடு தொடர்பு இல்லை) பதிவாகியிருந்தாலும் இதே முடிவுதான்.

யாருமே பேசவில்லை என்றால், யூனிட்கள் தங்களுக்குள் பேசும் இரட்டை வயரான கேன் லைன். பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டின் 6, 14ஆம் பின்களுக்கு இடையே தடையை அளவிடுங்கள். இரு முனைகளிலும் 120 ஓம் இருப்பதால் மொத்தம் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயர்களும் எங்கோ ஒட்டியிருக்கின்றன, அல்லது ஒரு யூனிட் உள்ளுக்குள் ஷார்ட். யூனிட்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அளவு எப்போது மாறுகிறது என்று பாருங்கள். இடையில் கேட்வே (கேன் கிளைகளைப் பிரித்து இணைக்கும் யூனிட்) உள்ள வண்டிகளில் சாக்கெட்டில் அளப்பது கேட்வே வரைக்குமான கிளையை மட்டுமே காட்டும். இசியு இருக்கும் கிளையைத் தனியாக அளக்க வேண்டும்.

சப்ளையை அளப்பதில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. வயரின் முப்பது இழைகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் அது கரண்ட்டே இழுப்பதில்லை. அதனால் லோடு போட்டுப் பார்க்க வேண்டும்:

1. சாவியை அணைத்து, ரிலே சத்தம் வரும் வரை காத்திருந்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இசியு கனெக்டரை எடுங்கள். நெகட்டிவைத் திரும்ப மாட்டுங்கள்.
2. மெயின் ரிலேவைப் பெரும்பாலும் இசியுவே இயக்குவதால், கனெக்டர் கழன்றிருக்கும்போது அது இழுக்காது. ரிலேவை எடுத்துவிட்டு அதன் சாக்கெட்டில் 30, 87 என்று எண்ணிட்ட முனைகளை ஃப்யூஸ் வைத்த வயரால் இணையுங்கள். இதைச் செய்யாமல் 'சப்ளை வரவில்லை' என்று வயரிங்கை அறுத்தவர்கள் உண்டு.
3. டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு சப்ளை பின்னையும் தொடுங்கள். 21 வாட் பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். நேராகப் பேட்டரியில் வைத்தால் எரிவதுபோலவே பளிச்சென்று எரிய வேண்டும்.
4. இப்போது ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை ஒவ்வொரு எர்த் பின்னிலும். ஒன்று மங்கினாலும் அந்த எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி முறுக்குங்கள்.

இந்தப் பல்பைச் சென்சார் பின்களிலோ 5 வோல்ட் லைனிலோ வைத்துவிட வேண்டாம்.

கனெக்டரை மாட்டிய பிறகு, இன்ஜின் ஓடும்போது இசியு எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. 0.3 என்றால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். இன்ஜின் உடலிலேயே எர்த் ஆகும் பழைய ஒற்றை வயர் ஆக்சிஜன் சென்சாரின் மொத்த வீச்சே 0.1 முதல் 0.9 வோல்ட்தான். சென்சார் 0.6 என்று சொல்வது இசியுவுக்கு 0.3 என்று கேட்கும். கலவை மெலிந்திருக்கிறது (காற்றுக்கு எரிபொருள் போதவில்லை) என்று எண்ணி எரிபொருளைக் கூட்டிக்கொண்டே போகும்.

செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

செல்ஃப் அடித்தபடியே ஸ்கேனரில் ஆர்பிஎம்மைப் பாருங்கள். 150 முதல் 300 வரை காட்டினால் கிராங்க் சிக்னல் வருகிறது; எரிபொருள், ஸ்பார்க் பக்கம் போகலாம். பூஜ்ஜியம் என்றால் கிராங்க் சென்சார், அதன் வயர், பல் சக்கரம், இடைவெளி. காந்த முனையில் இரும்புத்தூள் தாடி மாதிரி ஒட்டியிருப்பதும் சாதாரணம். இரண்டு வயர் காந்தச் சுருள் வகையில் சில நூறு முதல் ஓராயிரத்துச் சொச்சம் ஓம் வரும். சரியான எண் அந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். மூன்று வயர் ஹால் வகையை ஓம் மீட்டரால் அளக்காதீர்கள். அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை, சென்சாரும் கெடலாம்.

செல்ஃப் அடிக்கும் நேரத்தில் ஸ்கேனர் இணைப்பே அறுந்து அறுந்து வந்தால், வோல்டேஜ் மிகவும் விழுந்து இசியு மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது என்று பொருள். பேட்டரி, டெர்மினல், இன்ஜின் எர்த் பட்டை ஆகியவற்றைப் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகி, இரண்டே நொடியில், ஒவ்வொரு முறையும் அதே மாதிரி அணைந்தால் இம்மொபிலைசர். டேஷ்போர்டில் சாவிச் சின்னம் மின்னும். இரண்டாவது சாவியை வைத்துப் பாருங்கள்.

சம்பந்தமில்லாத நான்கைந்து சென்சார் குறியீடுகள் ஒன்றாக வருகின்றன

மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது), ஆக்சிலரேட்டர் பெடல், ஏசி பிரஷர், எரிபொருள் பிரஷர் எல்லாம் ஒரே நாளில் கெட்டுப்போக அவற்றுக்குள் ஒப்பந்தம் எதுவும் இல்லை. அவற்றுக்குப் பொதுவானது 5 வோல்ட் லைன். அந்த லைனுக்கான பி0641, பி0651 குறியீடுகளும் கூட இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சாவி ஆனில், அந்தப் பட்டியலில் உள்ள ஏதாவது மூன்று வயர் சென்சாரின் கனெக்டரில் அளவிடுங்கள். 4.9 முதல் 5.1 வரை வேண்டும். ஒன்றரை, இரண்டு என்று கிடந்தால் மீட்டரை அங்கேயே விட்டுவிட்டு, வரைபடத்தில் அதே லைனில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5க்குத் தாவுகிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் யாரும் நினைக்காத ஏசி பிரஷர் சென்சாராக இருக்கும். எல்லாவற்றையும் கழற்றியும் எழவில்லை என்றால் வயரிங் உரசி எர்த்தாகிறது. இசியு கனெக்டரையும் கழற்றி அந்த வயருக்கும் எர்த்துக்கும் இடையே தடையை அளவிடுங்கள். வயர் சுத்தமாக இருந்தால் மட்டுமே பெட்டிக்குள் இருக்கும் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம்.

பி0171: கலவை மெலிவு

உறைநிலைப் பதிவின் அருமை தெரிவது இங்கேதான். ஒரே குறியீட்டோடு இரண்டு வண்டிகள் வருவதாக வைத்துக்கொள்வோம்.

முதலாவதின் பதிவு: 740 ஆர்பிஎம், சுமை 22%, கூலண்ட் 89 டிகிரி, வேகம் 0, குறுகியகாலத் திருத்தம் +9.4%, நீண்டகாலத் திருத்தம் +21.1%.
இரண்டாவதின் பதிவு: 3150 ஆர்பிஎம், சுமை 82%, கூலண்ட் 91 டிகிரி, வேகம் 96, திருத்தங்கள் +12.5, +14.8.

முதல் வண்டி நின்றுகொண்டு ஐடிலிங்கில் ஓடும்போது மெலிந்திருக்கிறது. அளவிடப்படாத காற்று உள்ளே வருகிறது. ஐடிலிங்கில் உள்ளே போகும் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் சின்ன ஓட்டைகூடப் பெரிய பங்காகிவிடும். உறுதிசெய்ய, 2500 ஆர்பிஎம்மில் பிடித்துத் திருத்தங்களின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். +30லிருந்து ஒற்றை இலக்கத்துக்கு இறங்கினால் வேக்கம் லீக்தான். பிரேக் பூஸ்டர் குழாய், பிசிவி (கிராங்க் அறையின் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவரும்) குழாய், இன்டேக் கேஸ்கெட், காற்றளவு சென்சாருக்குப் பின்னுள்ள ரப்பர் மடிப்பு. புகை இயந்திரம் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது வண்டி சுமையில் மெலிகிறது. தேவைக்கு எரிபொருள் எட்டவில்லை: பம்ப், ஃபில்டர், அல்லது காற்றைக் குறைத்துச் சொல்லும் அழுக்கேறிய காற்றளவு சென்சார். பிரஷர் மீட்டரை மாட்டிச் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். பிரஷர் விழாமல் நின்றால் காற்றளவு சென்சாரை அதற்குரிய ஸ்ப்ரேயால் சுத்தம் செய்யுங்கள்.

அழித்திருந்தால் இந்த இரண்டு வண்டிகளும் ஒன்றாகவே தெரிந்திருக்கும், இரண்டுக்கும் ஆக்சிஜன் சென்சார் மாற்றப்பட்டிருக்கும்.

ஒரு விதிவிலக்கு. காற்றளவு சென்சார் இல்லாமல் மேப் சென்சாரை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் இன்ஜின்களில், கசியும் காற்றும் மேனிஃபோல்டின் அழுத்தத்தில் தெரிந்துவிடும். அங்கே லீக் இருந்தால் கலவை அவ்வளவாக மெலியாது; ஐடிலிங் வேகம்தான் ஏறும்.

திருத்த எண்கள் 0.78, 0.78 ஆகத்தான் நகர்கின்றன என்பதைக் கவனித்திருக்கலாம். ஸ்கேனருக்கு அந்த அளவு ஒரே பைட்டில் வருகிறது; 128 என்றால் பூஜ்ஜியம், ஒவ்வொரு எண்ணுக்கும் 100/128, அதாவது சுமார் 0.78 சதவீதம். +21.1 என்பது உண்மையில் 155. பழுதை நீக்கிய பிறகும் நீண்டகாலத் திருத்தம் பழைய பழக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். வேகம், சுமை வாரியாகத் தனித்தனி அறைகளில் சேமிக்கும் இசியுகளில் ஒவ்வோர் அறையும் தனியாகத் திருந்த வேண்டும். இந்தக் கட்டத்தில் திருத்தத்தை அழித்து விடுவது சரியான காரியமே.

கூலண்ட் −40 காட்டுகிறது

அது குளிர் அல்ல. வெப்பநிலை பைட்டிலிருந்து 40ஐக் கழித்துத்தான் ஸ்கேனர் காட்டும். −40 என்றால் பைட் பூஜ்ஜியம், அதாவது லைன் திறந்திருக்கிறது, எங்கோ இணைப்பு அறுந்துள்ளது. பி0118 கூட வரும். கனெக்டரைக் கழற்றி இரண்டு பின்களையும் ஒரு வயர்த்துண்டால் இணையுங்கள். மதிப்பு 130க்கு மேல் பாய்ந்தால் வயரும் இசியுவும் நலம், சென்சார்தான் பழுது. அசையவில்லை என்றால் வயர். இந்தச் சோதனை இரண்டு வயர் வெப்ப சென்சாருக்கு மட்டுமே. மூன்று வயர் சென்சாரில் செய்யாதீர்கள்.

சில வண்டிகள் லைன் திறந்ததும் −40ஐக் காட்டாமல் 80ஐ ஒட்டிய மாற்று மதிப்பைக் காட்டிவிட்டு ரேடியேட்டர் ஃபேனை ஓடவிடும். ஸ்கேனரில் சென்சாரின் வோல்டேஜ் கிடைத்தால் அதைப் பாருங்கள்: 5ஐ ஒட்டி இருந்தால் திறந்த லைன், 0ஐ ஒட்டி இருந்தால் ஷார்ட்.

தினமும் காலையில் எல்லாம் மறந்துவிடுகிறது

முதல் சில நிமிடங்கள் ஐடிலிங் ஏறி இறங்குகிறது, பிறகு சரியாகிறது. மறுநாள் அதே கதை. ஸ்கேனரில் நீண்டகாலத் திருத்தம் தினமும் 0லிருந்து தொடங்கும், தயார்நிலைப் பரிசோதனைகள் எல்லாம் முடியாமல் இருக்கும். சில நேரம், நினைவகம் அழிந்ததைச் சொல்லும் பி0603 குறியீடு. இசியுவுக்கான நிரந்தர சப்ளை ஃப்யூஸைப் பாருங்கள். அது இன்ஜினை ஓட்டும் சப்ளையின் ஃப்யூஸ் அல்ல, தனியானது. சாவி அணைந்த நிலையில் அந்தப் பின்னில் பேட்டரி வோல்டேஜ் நிற்க வேண்டும். பின்னால் சேர்த்த பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

நிரந்தர சப்ளை நலமாக இருந்தும் த்ராட்டில் கற்றல் மட்டும் நிற்கவில்லை என்றால் மெயின் ரிலேவின் மேல் விரலை வைத்துச் சாவியை அணையுங்கள். சாவியோடு சேர்ந்தே ரிலே விழுந்தால் எழுத நேரம் கிடைக்கவில்லை. யாரோ ரிலேவைச் சாவி லைனுக்கு மாற்றிக் கட்டியிருப்பார்கள்.

த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்த பிறகு ஐடிலிங் 1200, 1500 என்று நிற்பது இதற்கு நேர் எதிர்: இசியு மறக்கவில்லை. கரி படிந்திருந்த காலத்தில் எவ்வளவு திறக்க வேண்டும் என்று கற்றதையே இன்னும் செய்கிறது. அந்த வண்டிக்கான மறுகற்றல் முறையைச் செய்தால் அடங்கும்.

விளக்கு அணைந்தும் குறியீடு இருக்கிறது, அழித்தும் திரும்புகிறது

முதல் ஓட்டத்தில் தவறு தென்பட்டால் 'நிலுவை'. அடுத்த ஓட்டத்திலும் தென்பட்டால் 'உறுதி', விளக்கு எரியும். பழுதில்லாமல் தொடர்ந்து மூன்று ஓட்டங்கள் முடிந்தால் விளக்கு தானே அணையும், ஆனால் குறியீடு 40 சூடேறும் சுற்றுகள் வரை நினைவில் இருக்கும். ஒரு சுற்று என்றால் கூலண்ட் குறைந்தது 22 டிகிரி ஏறி 71 டிகிரியைத் தொட வேண்டும். இரண்டு தெரு தள்ளிப் போய்த் திரும்பும் ஓட்டம் கணக்கில் சேராது. ஆகவே விளக்கு எரியாத வண்டியில் காணும் குறியீடு பழைய சங்கதியாக இருக்கலாம். அதற்காக உதிரிபாகம் வாங்க வேண்டாம்.

நிரந்தரக் குறியீட்டை ஸ்கேனரால் அழிக்க முடியாது. அதற்குரிய பரிசோதனை ஓடித் தேறிய பிறகு இசியுவே அழித்துக்கொள்ளும். எரிபொருள் ஆவிப் பரிசோதனை இதில் மிகவும் அடம்பிடிக்கும்: வண்டி பல மணி நேரம் ஆறியிருக்க வேண்டும், டேங்க் நிரம்பியும் இருக்கக் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. டேங்கை நிரப்பிவிட்டு ஓட்டிக் காத்திருப்பது வீண்.

பிக்கப் போய், குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஏற மறுக்கிறது

பி2135 அல்லது பெடல் சென்சார் குறியீடு. த்ராட்டிலிலும் பெடலிலும் இரண்டிரண்டு தடங்கள் உண்டு. பல த்ராட்டில்களில் ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கி, கூட்டினால் எப்போதும் 5 வோல்ட் வரும். பெடலில் ஒன்று மற்றொன்றின் பாதி அளவாக ஏறும். கணக்கு ஒத்துவராத கணமே இசியு திறப்பைக் கட்டுப்படுத்திவிடும். இரண்டு தடங்களையும் ஸ்கேனரில் வரைபடமாக வைத்து, பெடலைப் பத்து நொடி எடுத்து மெதுவாக அழுத்துங்கள். ஒரே இடத்தில் கோடு பள்ளம் விழுந்தால் சென்சார் தேய்ந்திருக்கிறது. பள்ளம் இடம் மாறி மாறி விழுந்தால் கனெக்டர்.

சூடானதும் நின்றுவிடுகிறது, குறியீடே இல்லை

ஸ்கேனரில் முப்பது அளவுகளைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யாதீர்கள். ஒவ்வொன்றும் நொடிக்கு ஒருமுறைகூட வராமல் போகும், பழுது இரண்டு மாதிரிகளுக்கு நடுவில் நழுவிவிடும். ஆர்பிஎம், பேட்டரி வோல்டேஜ், எரிபொருள் பிரஷர், த்ராட்டில் இந்த நான்கு போதும். நிற்கும் கணத்தில், இன்ஜின் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் சட்டென்று பூஜ்ஜியமானால் கிராங்க் சென்சார். இன்ஜினோடு சேர்ந்து படிப்படியாக இறங்கினால் எரிபொருள் அல்லது ஸ்பார்க். எல்லா அளவுகளும் ஒரே நேரத்தில் உறைந்துபோனால் இசியுவின் சப்ளை அறுந்தது. மெயின் ரிலேவை முதலில் பாருங்கள். சந்தேகப்பட்ட சென்சாரை முடி உலர்த்தியால் சூடேற்றிப் பழுதை வரவழைக்கலாம்.

இரவில் பேட்டரி இறங்குகிறது

வண்டியைப் பூட்டி ஒரு மணி நேரம் விடுங்கள். இழுப்பு 50 மில்லிஆம்பியருக்குள் வர வேண்டும். வரவில்லை என்றால் ஃப்யூஸைப் பிடுங்காதீர்கள், தூங்கிய யூனிட்கள் விழித்துவிடும். ஃப்யூஸின் தலையிலுள்ள இரு முனைகளிலும் மில்லிவோல்ட் அளந்து, எதில் அளவு வருகிறது என்று பாருங்கள். மெயின் ரிலேவின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு இசியு இரவெல்லாம் விழித்திருப்பதும் நடக்கும்.

பி0601, பி0604, பி0605, பி0606

பெட்டிக்குள்ளேயே தவறு என்று பெட்டியே சொல்லும் குறியீடுகள் இவை. நினைவகத்தின் கூட்டுத்தொகைச் சரிபார்ப்பு, ராம், நிரல் நினைவகம், செயலி என்ற வரிசையில். அப்போதும் உடனே நம்ப வேண்டாம். வோல்டேஜ் விழுந்து பாதியில் நின்ற ஒரு எழுத்து வேலையும் இவற்றை எழுப்பும். நல்ல பேட்டரியோடு அழித்துவிட்டு நான்கைந்து முறை சாவியைப் போட்டுப் பாருங்கள். திரும்பினால் மட்டுமே பெட்டி. பி0602 பழுதே அல்ல. நிரல் ஏற்றப்படவில்லை என்பது அதன் பொருள்.

கனெக்டரைக் கழற்றியதும் பின்களைப் பாருங்கள். பச்சைப் பாசி போல் இருந்தால் தண்ணீர். எண்ணெய்ப் பசை இருந்தால் கசியும் கேம் சென்சாரோ சோலனாய்டோ எங்கோ உள்ளது. எண்ணெய் வயர் இழைகளுக்குள்ளேயே ஊர்ந்து பெட்டி வரை வந்துவிடும். ஊற்றை அடைக்காமல் பின்னைத் துடைப்பதில் பயனில்லை.

நிரல் ஏற்றும்போது பாதியில் நின்றுபோன பெட்டியைச் செத்ததாக எண்ண வேண்டாம். தொடக்க நிரல் பொதுவாகத் தனிப் பாதுகாப்பில் இருக்கும். எதையும் கழற்றாமல் அதே கருவியால் மறுபடி தொடங்குங்கள். அந்த நிலைக்கு வராமலிருக்க, 13 வோல்ட்டுக்கு மேல் நிலையாகத் தரும் சப்ளையை மாட்டி, விளக்கு, புளோயர் எல்லாவற்றையும் அணைத்து, மடிக்கணினி தூங்காதபடி அமைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

பெட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்றால்

வன்பொருள் எண், மென்பொருள் எண் இரண்டும் ஒத்திருக்க வேண்டும். பழையது பேசும் நிலையில் இருந்தால் அதன் இஇப்ராம் தகவலை முதலில் எடுத்து வையுங்கள்; சாவித் தகவல் இல்லாமல் புதியது ஸ்டார்ட் ஆகாது. டீசல் என்றால் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் பொறித்திருக்கும் திருத்தக் குறியீட்டையும் சிலிண்டர் வரிசை மாறாமல் எழுத வேண்டும். த்ராட்டில் கற்றலையும் செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், பழைய பெட்டியில் எந்த வெளியீடு எரிந்தது என்று பார்த்து, அது ஓட்டும் பாகத்தை அளவிடுங்கள். ரிலேச் சுருள் 70 முதல் 100 ஓம் வரை, பரவலான பெட்ரோல் இன்ஜெக்டர் 12 முதல் 16 ஓம் வரை வரும். இக்னிஷன் காயிலின் முதன்மைச் சுருளை அந்த மாடலின் கையேட்டு எண்ணோடு ஒப்பிடுங்கள். உள்ளுக்குள் ஷார்ட் ஆன காயில்தான் டிரான்சிஸ்டரை எரித்தது என்றால், அதை மாற்றாமல் சாவியைத் திருப்பும்போது புதிய பெட்டியும் அதே சிலிண்டரில் எரியும்.